அக்கரையில் ஒரு வகுப்பறை

புதுச்சேரியில் காலை பத்து மணி அடிக்கும்போது ரெயூனியன் தீவில் எட்டரை. இரண்டு இடத்திலும் பள்ளிக்கூடம் நடக்கிற நேரம். இங்கே புனித சூசையப்பர் குளூனி சபைக் கன்னியர் நடத்தும் பள்ளி இருக்கிறது. அங்கேயும் அதே சபைக் கன்னியர் தொடங்கிய பள்ளி இருக்கிறது. இங்கே ராமசாமியும் முத்துசாமியும் பிள்ளைகளின் தாத்தா பெயர்கள். அங்கே அதே ராமசாமியும் முத்துசாமியும் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் குடும்பப் பெயர்களாகவே நிலைத்துவிட்டார்கள். நடுவில் இந்தியப் பெருங்கடல். இந்த இரண்டு வகுப்பறைகளும் வாரத்துக்கு ஒரு மணி நேரம் பேசிக்கொள்ள ஒன்றரை மணி நேர வித்தியாசம் ஒரு தடையே இல்லை.

உலகத்தோடு பேசும்படி கத்தோலிக்கப் பள்ளிகளுக்கு மேலிடத்திலிருந்தே அழைப்பு வந்துகொண்டிருக்கிறது. மறைந்த போப் பிரான்சிஸ் 2019-இல் உலகளாவிய கல்வி ஒப்பந்தத்துக்கு அழைப்பு விடுத்தார். 2022 பிப்ரவரியில் வட, தென் அமெரிக்க மாணவர்களோடும், 2023 செப்டம்பர் 26 அன்று தெற்காசிய மாணவர்களோடும் திரை வழியே உரையாடினார். சிகாகோவின் லொயோலா பல்கலைக்கழகம் முன்னின்று தொடங்கிய முயற்சி இது. மாணவர்கள் தங்களுக்குள் பலமுறை கூடிப் பேசி, தங்கள் ஊர்க் கவலைகளைத் தாங்களே வாய்திறந்து சொன்னார்கள். போப் கேட்டுவிட்டுப் பதில் சொன்னார். அது கல்லூரி மாணவர்களுக்கான சந்திப்பு. ஆனால் பெரியவர் கேட்க இளையவர் பேசுவது என்ற அந்த முறை பள்ளிக்கும் பொருந்தும்.

கொரோனாவுக்குப் பிறகு திரையில் பேசுவது எந்தப் பள்ளிக்கும் புதிதில்லை. யாரோடு பேசுவது, எதைப் பேசுவது என்பதில்தான் கவனம் வேண்டியிருக்கிறது. வரவேற்பு நடனம், பொங்கலைப் பற்றி ஒரு விளக்கம், நன்றியுரை என்று ஒரு சந்திப்பு முடிந்துவிட்டால் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள். புதுச்சேரிப் பள்ளிகளிடம் நான் சொல்ல விரும்புவது இதுதான்: அக்கரையோடு பேசுவதானால், நம்மவர்கள் கப்பலேறிப் போய் இறங்கிய கரைகளிலிருந்து தொடங்குங்கள். அந்தப் பேச்சில் நம் பிள்ளைகள் கேள்வி கேட்கவும் வேண்டும், கேட்கப்படவும் வேண்டும். நம் ஊர் வரலாற்றில் இப்படி இரு பக்கமும் கேட்டுக்கொள்வது வெகுகாலம் நடக்கவில்லை.

ஒரு சூ காசு

1843-இல் பிரான்சின் நான்சி நகர ஆயர் ஷார்ல் தெ ஃபோர்பன்-ஜான்சோன் குழந்தைகளுக்காக ஒரு சபையைத் தொடங்கினார். இன்று நம் பங்குகளில் திருப்பாலத்துவ சபை என்று நடப்பதன் தொடக்கம் அதுதான். விதி எளிமையானது. ஒவ்வொரு குழந்தையும் மாதம் ஒரு சூ என்ற பிரெஞ்சுச் சிறுகாசு தர வேண்டும். நாளுக்கு ஒரு அருள் நிறைந்த மரியே செபம் சொல்ல வேண்டும். காசு சீனாவுக்கும் பிற மறைபரப்பு நாடுகளுக்கும் போகும். அதற்கு முன்பே, 1822-இல், லியோன் நகரத்தில் பொலின் ஜாரிக்கோ என்ற இளம்பெண் பெரியவர்களிடம் சிறுகாசு திரட்டும் சபையை உண்டாக்கியிருந்தார். இந்த இரண்டு சபைகளும் பத்திரிகைகள் அச்சிட்டன. தூரதேசத்துக் குருக்கள் எழுதிய கடிதங்கள் அவற்றில் வந்தன. ஐரோப்பியக் கத்தோலிக்கப் பிள்ளைகள் ஆசியாவைப் பற்றித் தெரிந்துகொண்ட வழிகளில் அது முக்கியமான ஒன்று.

அந்தக் காசு அநாதைப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டது, உயிரைக் காத்தது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஏழு வயதுக் குழந்தை தன் கைக்காசை முகம் தெரியாத இன்னொரு குழந்தைக்குக் கொடுக்கப் பழகுவது பெரிய காரியம். ஆனால் அந்த ஏற்பாட்டில் ஒரு பக்கத்துப் பிள்ளை படிப்பவன், மறுபக்கத்துப் பிள்ளை படிக்கப்படுபவன். நம் பக்கத்துப் பிள்ளை திருப்பி ஒரு கேள்வி கேட்பதற்கு அதில் இடம் வைக்கப்படவில்லை.

அதற்கும் நூறாண்டு முன்பே புதுச்சேரியிலிருந்து போன கடிதங்களிலும் இதே சாய்வு உண்டு. கேர்தூ என்ற இயேசு சபைக் குரு 1742-இல் சோழமண்டலக் கரையிலிருந்து ஒரு கடிதம் எழுதினார். பருத்தித் துணியில் சாயம் போகாமல் பூப்போடும் முறை முழுவதும் அதில் இருந்தது. துணியை எப்படிக் கடுக்காயில் நனைப்பது, எருமைப் பாலைச் சேர்ப்பது, வேர்ச்சாயம் ஏற்றுவது என்று நம் சாயக்காரர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவை. இந்தியச் சீட்டித் துணிக்கு 1686-இல் பிரான்ஸ் விதித்த தடை 1759 வரை நீடித்தது. தடை நீங்கியதும் அங்கே சீட்டிப் பட்டறைகள் பெருகின. கடிதம் எழுதியவர் பெயர் வரலாற்றில் இருக்கிறது. தொழிலைச் சொல்லிக்கொடுத்த சாயக்காரர்களின் பெயர்கள் இல்லை.

இதே கேர்தூ 1767-இல் பாரீஸ் அறிஞர் பார்த்தெலமி கேட்ட கேள்விகளுக்குப் பதிலாக, சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஏன் ஒன்றுபோல இருக்கின்றன என்று புதுச்சேரியிலிருந்து எழுதி அனுப்பினார். பிரிட்டிஷ் அறிஞர் வில்லியம் ஜோன்ஸ் கல்கத்தாவில் அதைப் பற்றிப் பேசியது 1786-இல். கேர்தூவின் பதில் அச்சேறியது 1808-இல். அதற்குள் அவர் இறந்து இருபத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

நான்சியில் குழந்தைகள் சபை தொடங்கிய மறு ஆண்டான 1844 புதுச்சேரித் திருச்சபையில் பெரிய ஆண்டு. பாரீஸ் வேதபோதக சபையின் ஆயர் பொனான் அந்த ஆண்டில்தான் புகழ்பெற்ற ஆலோசனைச் சங்கத்தைக் கூட்டினார். நாட்டுக் குருக்களை உருவாக்க வேண்டும், பள்ளிகள் திறக்க வேண்டும் என்பவை அதன் பெரிய அக்கறைகள். பெத்தி செமினேர் பள்ளி தொடங்கியதும் அதே ஆண்டில். அக்டோபரில் துப்புய் பாதிரியார் பெண்பிள்ளைகளின் படிப்புக்காக மரியாயின் மாசற்ற இருதய சபையை நிறுவினார். தமிழ்ப் பெண்களே கன்னியராகி நடத்திய சபை அது. பெண்ணைப் படிக்க வைப்பதா என்று ஊர் முகம் சுளித்த காலம். துப்புய் இன்னொரு வேலையும் செய்தார். மூசே பாதிரியாரோடு சேர்ந்து தமிழ்–பிரெஞ்சு அகராதியை உருவாக்கி, மிஷன் அச்சகத்தில் 1855-இலும் 1862-இலும் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். இரு கரைகளும் சமமாகப் பேசுவதற்கு வேண்டிய கருவி அப்போதே கையில் இருந்தது.

கப்பல் போன வழி

இப்போது இன்னொரு கடல்வழிக்கு வருகிறேன். எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

அன்னை ஜவூகே பிரான்சில் குளூனி சபையை 1807-இல் நிறுவினார். 1817-இல் அவர் கன்னியரைக் கடல் கடந்து முதன்முதலாக அனுப்பிய இடம், அன்று பூர்போன் என்று அழைக்கப்பட்ட ரெயூனியன் தீவு. அடுத்து செனகல், பிறகு கரீபியக் கடலின் மார்த்தினிக், குவாதலூப் தீவுகள். 1827-இல் புதுச்சேரி. பிரெஞ்சு கயானாவின் மானா என்ற இடத்தில் அடிமைகளை விடுதலைக்குத் தயார்செய்யும் வேலையை அன்னையே முன்னின்று நடத்தினார். 1838 மே மாதம் அங்கே 185 பேர் விடுதலை பெற்றார்கள்.

1848-இல் பிரான்ஸ் தன் குடியேற்ற நாடுகள் எல்லாவற்றிலும் அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. ஆள் பிடிக்கும் மேஸ்திரிகள் நம் கிராமங்களுக்கு வந்தார்கள். ஐந்து வருட ஒப்பந்தம், திரும்பி வரக் கப்பல் செலவு உண்டு என்று சொன்னார்கள். புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து கப்பல்கள் புறப்பட்டன. ஒரேலி என்ற கப்பல் 1853 மே 6 அன்று மார்த்தினிக்கில் முதல் கூட்டத்தை இறக்கியது. அதே கப்பல் அடுத்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் குவாதலூப் போய்ச் சேர்ந்தது. மார்த்தினிக்குக்கு ஏறத்தாழ 25,000 பேர், குவாதலூப்புக்கு ஏறத்தாழ 42,000 பேர், ரெயூனியனுக்கு 1828 முதல் 1885 வரை ஒரு லட்சத்துக்கும் மேல். வடக்கே ஏனாமிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் போனவர்களும் இதில் சேர்த்தி. ஆனால் பெரும்பகுதி தமிழர். தோட்டங்களில் அவர்கள் பட்ட பாட்டைக் காரணம் காட்டி, ரெயூனியனுக்கு ஆள் அனுப்புவதை ஆங்கிலேய அரசு 1882-இல் நிறுத்தியது.

ஃபிஜித் தீவுக் கரும்புத் தோட்டங்களில் வதைபட்ட நம் பெண்களுக்காகப் பாரதி அழுது பாடியதைப் பிள்ளைகள் படிக்கிறார்கள். பாரதி 1908 முதல் 1918 வரை வாழ்ந்த இந்த ஊரின் கடற்கரையிலிருந்தே அதேபோன்ற தோட்டங்களுக்குப் பெண்கள் போனார்கள் என்பதையும் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். பாடப்புத்தகத்தில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேவுக்குக் கிடைக்கும் இடம் இவர்களுக்குக் கிடைப்பதில்லை.

குளூனி கன்னியரின் வழியையும் கூலிக் கப்பல்களின் வழியையும் ஒரே வரைபடத்தில் வரைந்து பாருங்கள். புதுச்சேரி, ரெயூனியன், மார்த்தினிக், குவாதலூப். இரண்டு கோடுகளும் அதே துறைமுகங்களைத் தொடுகின்றன. தோட்டத்துக்குப் போனவர்களின் பேத்திகளுக்கும், போகாமல் இங்கேயே நின்றுவிட்டவர்களின் பேத்திகளுக்கும் பாடம் சொல்ல அதே சபையின் பள்ளிகள் இரு கரையிலும் இருந்திருக்கின்றன. சக வகுப்பைத் தேட வேறெங்கும் அலைய வேண்டாம். மதர் ஒரு கடிதம் எழுதினால் போதும்.

ஹென்றி சிதம்பரம் என்ற பெயர் நம் பிள்ளைகளுக்குத் தெரியுமா? குவாதலூப்பில் 1863-இல் பிறந்தவர். அங்கே பிறந்து வளர்ந்த இந்திய வம்சாவளியினர் பிரெஞ்சுக் குடிமக்களா இல்லையா என்ற வழக்கை 1904-இல் கையில் எடுத்தார். 1923-இல் வெற்றி கிடைத்தது. பத்தொன்பது வருடப் போராட்டம். அந்தத் தீவின் பிள்ளைகள் அவரைத் தங்கள் ஊர்ப் பெரியவராகப் படிக்கிறார்கள். அவருடைய வேர் இருந்த மண்ணில் அவர் பெயரை யாரும் உச்சரிப்பதில்லை என்பது எனக்கு வருத்தமான விஷயம்.

கிழக்கே போனவர்களும் உண்டு. 1881 செப்டம்பரில் வந்த ஆணையின்படி, தங்கள் சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தையும் பிரெஞ்சுக் குடும்பப் பெயரையும் ஏற்றுக்கொண்டவர்கள் பலர் சைகோனுக்கு எழுத்தர்களாகவும் காவலர்களாகவும் போனார்கள். அவர்களில் கத்தோலிக்கரும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் நிறைய. 1962-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்த பிறகு பிரான்சுக்கே போனவர்களின் கதை ஊரறிந்தது. பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய சொல்தாக்களின் குடும்பங்கள் இல்லாத தெரு இந்த நகரத்தில் குறைவு. பாரீசில் இருக்கும் சித்தியோடு நம் பிள்ளைகள் தினமும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ரெயூனியனில் இருக்கும் ஒன்றுவிட்ட உறவுதான் தொடர்பு அறுந்து நிற்கிறது.

அவர்கள் நம்மைக் கேட்கப் போவது

ரெயூனியன் மக்கள்தொகையில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்திய வம்சாவளி என்பது பொதுவான மதிப்பீடு. தமிழ் வழி வந்தவர்களை அங்கே மல்பார் என்கிறார்கள். அவர்களில் பலர் ஞானஸ்நானம் பெற்றவர்கள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவார்கள். மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு தீயும் மிதிப்பார்கள். சாலையோரங்களில் சிவப்பு வண்ணம் பூசிய புனித எக்ஸ்பெதித் மாடங்கள் நிற்கின்றன. மெழுகுவர்த்தி ஏற்றுபவர் எந்த மதம் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. இதைக் கேட்டதும் நம் பிள்ளைகளுக்கு வில்லியனூர் ஞாபகம் வரும். பிரான்சிலிருந்து 1877-இல் வந்த லூர்து மாதா சுரூபத்துக்கு முன்னால், திருவிழா நாளில் பூவும் மெழுகுவர்த்தியுமாக நிற்பவர்களில் எல்லா மதத்தாரும் இருக்கிறார்கள்.

நம் கத்தோலிக்கப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் இந்துக்களும் முஸ்லிம்களும். கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்குப் போகும் பீரியடில் மற்றவர்கள் நன்னெறி வகுப்பில் உட்கார்கிறார்கள். அக்கரையோடு பேசும் அந்த ஒரு மணி நேரமாவது எல்லாப் பிள்ளைகளும் ஒரே அறையில் உட்காரட்டும். தேவாலயப் பூசையையும் தீமிதியையும் ஒரே வீட்டுக்குள் வைத்து வாழும் ஒரு பெண்ணோடு பேசினால், மதம் என்றால் என்ன என்பதைப் பற்றி எந்தப் புத்தகமும் தராத பாடம் கிடைக்கும். குருக்களுக்கு இதில் தயக்கம் இருக்கலாம். கேள்வி வந்துவிடுமே என்ற அச்சத்தில் பேச்சைத் தவிர்த்தால் பிறகு கலந்துரையாடல் என்ற பெயருக்கு என்ன பொருள்?

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று அங்கிருந்து வரும். "உங்கள் ஊரில் இன்னும் சாதி பார்க்கிறார்களா?" ஒரே கப்பலில் மாதக்கணக்கில் ஒரே பானைச் சோற்றைத் தின்று, ஒரே தோட்டத்தில் வெட்டுப்பட்ட கரும்போடு கரும்பாக உழைத்தவர்களிடம் சாதியின் பிடி பெருமளவு தளர்ந்துவிட்டது. நம்மிடம் அப்படியில்லை. 1745-இல் புதுச்சேரியின் சம்பா கோயில் என்ற தேவாலயத்துக்குள் ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவர்களைப் பிரித்து வைத்திருந்த சுவரையும், அவர்கள் எதிர்த்து நின்றதையும், சுவர் அகற்றப்பட்டதையும் ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். நம் பங்குகளில் தனிக் கல்லறை, தனித் தேர் என்று வழக்குகள் இந்தக் காலம் வரை நீள்கின்றன. பதினான்கு வயதுப் பிள்ளை அந்தக் கேள்விக்கு முன்னால் என்ன சொல்வாள்? ஆசிரியர் குறுக்கே புகுந்து பேச்சை மாற்றக் கூடாது. அவள் தன் ஊரைப் பற்றி, தன் கண்ணால் கண்டதைச் சொல்லட்டும். வெளிநாட்டாரிடம் நம் குறையைச் சொல்லலாமா என்பார்கள் சிலர். சொல்லலாம். அவர்களும் சொல்வார்கள்: அடிமை முறையை, மொழி இழந்ததை, பெயர் சிதைந்ததை.

கடினமில்லாத பேச்சுக்கும் பஞ்சமில்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை அடித்தது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. மூன்று மாதம் கழித்து, 2025 பிப்ரவரி 28 அன்று கரான்ஸ் புயல் ரெயூனியனைத் தாக்கியது. வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது யார் என்ன செய்தார்கள், மின்சாரம் எத்தனை நாள் கழித்து வந்தது, அரசு எப்படி நடந்துகொண்டது என்று இரு கரைப் பிள்ளைகளும் ஒப்பிட்டுப் பேச எவ்வளவோ இருக்கிறது. கரும்பைப் பற்றியும் பேசலாம். அங்கே இன்னும் இரண்டு ஆலைகள் ஓடுகின்றன. இங்கே லிங்காரெட்டிப்பாளையம் கூட்டுறவு ஆலை ஆண்டுக்கணக்கில் ஓடாமல் கிடந்தது.

மொழி எப்படி என்று கேட்பீர்கள். மதிப்பெண்ணுக்காகப் பிரெஞ்சு எடுத்துப் படிக்கிற பிள்ளைகள் புதுச்சேரியில் ஏராளம். படித்ததைப் பேச ஆளில்லாமல் பரீட்சையோடு மறந்துபோகிறார்கள். அங்கே பக்கலோரெயா என்ற பள்ளி இறுதித் தேர்வுக்குத் தமிழை ஒரு மொழியாக எடுக்கலாம். அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழைப் பேசிக் கேட்க ஆள் வேண்டும். இவள் பிரெஞ்சில் தடுமாறுவாள், அவன் தமிழில் தடுமாறுவான். தடுமாற்றம் இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் யாரும் யாரையும் மேலிருந்து பார்க்க முடியாது.

முறைக்கும் புதிதாக ஒன்றைத் தேட வேண்டியதில்லை. பெல்ஜியத்துக் குருவான கார்டைன் உழைக்கும் இளைஞர்களுக்காக உருவாக்கிய "பார், ஆராய், செயல்படு" என்ற மூன்று படி, இளம் மாணவர் இயக்கத்தின் வழியாக நம் கத்தோலிக்கப் பள்ளிகளுக்குப் பழகியது. முதல் மாதம் தேடுதல். பிரான்சின் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரிலுள்ள ஆவணக் காப்பகம் பழைய புதுச்சேரியின் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவேடுகளை இணையத்தில் வைத்திருக்கிறது. பள்ளிக் கணினியிலேயே பார்க்கலாம். இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தின் கிளையும் புதுச்சேரியிலேயே இருக்கிறது. அடுத்து, கிடைத்ததை அக்கரை வகுப்போடு வைத்துப் பேசுதல். செயல் என்பதைப் பிள்ளைகளே தீர்மானிக்கட்டும்.

ரெயூனியனில் டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரிக் கடைசி வரை கோடை விடுமுறை. ஆகவே நமக்கு ஜூலைத் தேர்வுகள் முடிந்து, அங்கே ஆகஸ்டில் பள்ளி திறந்ததும் தொடங்கினால் நான்கு மாதம் கையில் இருக்கும். மார்த்தினிக்கோடு பேசுவதானால் இங்கே மாலை ஆறரை, அங்கே காலை ஒன்பது. விடுதிப் பிள்ளைகளுக்கு ஏற்ற நேரம்.

தலைமையாசிரியர்களுக்கும் பள்ளிகளை நடத்தும் சபைகளுக்கும் என் வேண்டுகோள்: ஒன்பதாம் வகுப்பில் ஒரு பிரிவோடு இந்த ஆண்டே தொடங்குங்கள். பத்தாம் வகுப்பு வந்தால் பரீட்சை விடாது. வாசகர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் பல வீடுகளின் பழைய டிரங்குப் பெட்டிகளில் பிரெஞ்சுக் காலத்துக் காகிதங்கள் கிடக்கின்றன: பிறப்புப் பதிவு, குடும்பக் கையேடு, தீவிலிருந்து வந்த கடிதம், பெயர் தெரியாத ஒருவரின் புகைப்படம். உங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருந்தால் செல்லரிக்கும் முன் எடுத்து, உங்கள் பிள்ளையின் வரலாற்று ஆசிரியரிடம் காட்டுங்கள்.